எழுத்து விழாமல் பக்கம் தாவுகிறதா?

தேடல் பெட்டியில் உங்கள் அப்பா எச் தட்டினால் எழுத்து விழாமல் ஏதோ தலைப்பைப் படிக்கிறது என்றீர்களே, கீபோர்டில் கோளாறு இல்லை. திரையில் இருப்பதைப் பார்வையற்றோருக்குப் படித்துச் சொல்லும் மென்பொருளான என்விடிஏ, படிக்கும் நிலையில் இருக்கிறது. அதில் எச் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், கே தட்டினால் அடுத்த இணைப்புக்கு. பெட்டிக்குள் நின்று, இன்சர்ட்டைப் பிடித்தபடி ஸ்பேஸ் தட்டச் சொல்லுங்கள். ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் தட்டுவது எழுத்தாகவே விழும். திரும்பப் படிக்க, அதே இன்சர்ட்டும் ஸ்பேஸும் மறுபடி. எனக்கும் இதே கூத்துதான், புது கீபோர்டே வாங்கிவிட்டேன்!

பழகுவதற்கு, இன்சர்ட்டோடு மேல்வரிசை 1 தட்டுங்கள். எந்த விசையை அழுத்தினாலும் அதன் பெயரைச் சொல்லும், எதுவும் அழியாது. முடிந்ததும் அதையே மறுபடி தட்டினால் போதும். எஃப், ஜே மேலுள்ள சின்ன மேட்டை அவர் விரலே தேடட்டும். நீங்கள் கையைப் பிடித்து வைக்காதீர்கள்.