நந்திக்கொடி ராசாக்கள்ட கொடியா, சாமிட கொடியா?

கேள்வி: ஐயா, சிவராத்திரிக்கு வீட்டில கட்டுவம் எண்டு நந்திக்கொடி ஒண்டு வாங்கினன். மகன் பாத்திட்டு, இது யாழ்ப்பாண ராசாக்கள்ட கொடியல்லோ, ஏன் சாமிக்கு கட்டுறீங்க எண்டு கேக்கிறான். மாடு ஏன் படுத்திருக்கு எண்டும் கேள்வி.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகன் நல்லாத்தான் யோசிக்கிறான் பிள்ளை. இடபம் முதல்ல சிவன்ட. அவருக்கு வாகனமும் அதுதான் கொடியும் அதுதான், சிவன் கோயில் கொடியேத்தத்தில பாருங்கோ, கொடிச்சீலையில இடபம்தான் கீறியிருக்கும், முருகன்ட கொடி எண்டா சேவல். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் சைவர்கள், அதால தாங்கள் கும்பிட்ட சாமிட சின்னத்தையே அரசுக்கும் எடுத்தாங்கள். அதுக்கு முந்தியே காஞ்சிப் பல்லவருக்கும் இடபம்தான் சின்னம், சோழருக்கு புலி, பாண்டியருக்கு மீன் மாதிரி.

அந்தக் காலத்துக் கொடித்துணி எல்லாம் உக்கிப் போயிடும்தானே, ஆனா காசு நிண்டிட்டுது. சேது காசு எண்டு சொல்லுறது, ஒரு பக்கம் ஆள் நிக்கிற உருவம், மற்றப் பக்கம் படுத்த இடபம், மேல பிறை, கீழ தமிழில 'சேது' எண்டு எழுத்து. எனக்கு அந்த ரெண்டு எழுத்தும் எப்பவுமே பெரிய விஷயம், ராமேஸ்வரம் பக்கத்து சேதுவுக்கு காவல் எண்டு 'சேதுகாவலன்' எண்ட பட்டத்தோட இருந்த ராசாக்கள், சின்னக் காசில தங்கட பேரைப் போடாமல் அந்த இடத்திட பேரைப் போட்டிருக்கிறாங்கள். 1619இல போர்த்துக்கீசர் அரசைப் பிடிச்சாங்கள், அதோட ராசாவும் இல்ல காசும் இல்ல, ஆனா இடபம் கோயிலை விட்டுப் போகேல்ல. அதால நீங்க சிவராத்திரிக்கு கட்டுறது சைவக்கொடிதான், பிழையே இல்ல, ராசாக்கள்ட கதையையும் மகனுக்கு சேத்துச் சொல்லுங்கோ.

படுத்திருக்கிறதைப் பற்றி. நந்தி நித்திரை கொள்ளுறதில்ல பிள்ளை, சந்நிதியைப் பாத்தபடி காத்துக்கொண்டிருக்கு. கல் நந்திகள்ல வடிவாப் பாத்தா கனக்க இடத்தில முன்னங்கால் ஒண்டை மடிச்சு மற்றதை ஊண்டி இருக்கும், சாமி எழும்பு எண்டா உடன எழும்பத்தான். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால கட்டினது, உங்களுக்கு பஸ்ஸில போற தூரம்தான். பிரதோஷத்தில மகனைக் கூட்டிக்கொண்டு போய் நந்திக்கு அபிஷேகம் நடக்கேக்க பக்கத்தில நிக்க விடுங்கோ, காலை அவனே பாக்கட்டும்.