கம்பெனி வேலையை விட்டுத் தனி வக்கீலாகப் போகிறீர்களா? முதலில் சன்னதைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பத்து வருடமாகச் சட்ட மேலாளர் வேலை. ராஜினாமா செய்துவிட்டுப் புதுச்சேரியில் தனியாகத் தொழில் செய்ய நினைக்கிறேன். பழைய கம்பெனியே முதல் கட்சிக்காரராக வரும் என்று நம்புகிறேன். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: ஆபீசுக்கு இடம் தேடுவது இருக்கட்டும், உங்கள் சன்னது, அதாவது வக்கீலாகப் பதிந்ததற்கான சான்று, என்ன நிலையில் இருக்கிறது? முழுநேரச் சம்பளத்துக்குப் போகிற வக்கீல் அதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும் என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 49-ஆம் விதி. அப்போதே எழுதிக் கொடுத்திருந்தால், வேலையிலிருந்து விடுவித்த கடிதத்தோடு மறுபடி தொழில் செய்ய விண்ணப்பிக்கலாம். கொடுக்காமல் விட்டவர்களும் உண்டு. நீங்கள் அந்த ரகம் என்றால், மறைக்காமல் எழுதிக் கொடுத்துச் சரிசெய்த பிறகே வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள். 2009-10 கல்வியாண்டிலோ அதற்குப் பிறகோ சட்டப் படிப்பை முடித்தவர் என்றால் அகில இந்திய பார் தேர்வும் தேறியிருக்க வேண்டும். புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் அரசாங்கம் மாறும். பார் கவுன்சிலும் உயர் நீதிமன்றமும் மாறாது.

பழைய கம்பெனி வரலாம். அவர்களிடம் பேச உங்களுக்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சு வெளியே போகாதபடி புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, கம்பெனியில் சம்பளம் வாங்கும் சட்ட ஆலோசகருக்குக் கிடையாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆலோசனையை வெளியிலிருந்து வக்கீலாக நீங்கள் சொன்னால் அந்தப் பாதுகாப்பு வரும். இதை எம்.டி.யிடம் ஒருமுறை விளக்கிப் பாருங்கள். ஆனால் மாதாமாதம் ஒரே இடத்திலிருந்து வரும் பணத்தை மட்டும் நம்பினால் அது பழைய வேலைதான், பி.எஃப். இல்லாமல். இன்னொன்று: அந்தக் கம்பெனிமேல் கேஸ் போட ஒருநாள் யாராவது உங்களிடமே வருவார். நீங்கள் உள்ளே இருந்து பார்த்த விவகாரம் என்றால் தொடக் கூடாது.

பீஸ் கேட்பதுதான் நிஜமான கஷ்டம். நான் வேலையை விட்டு வந்த புதிதில் ஒருவருக்கு நாற்பது பக்க ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தேன், தொகை பேசவில்லை. ஒரு கிலோ மைசூர்பாகு வந்தது. அதிலிருந்து, கேஸ் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே தொகையைச் சொல்லிவிடுகிறேன். ஆலோசனைக்கு மாதத் தொகை, கோர்ட் வேலைக்குத் தனி. கம்பெனிகள் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் தரும். பில்லில் ஜி.எஸ்.டி. சேர்த்துவிடாதீர்கள், வக்கீல் பீசுக்கு அதைக் கட்ட வேண்டியது சேவை பெறும் நிறுவனம். ஒரு வருட வீட்டுச் செலவாவது கையில் இல்லாமல் ராஜினாமா கொடுக்காதீர்கள் என்பேன்.

வேலைக்குப் பஞ்சமில்லை. சிப்காட்டுக்கும் புதுச்சேரியின் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கும் சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைகிற சின்ன முதலாளிகளைப் பாருங்கள். உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவுத் தளத்தில் பதிந்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. செக் திரும்பினால் வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். இதெல்லாம் எந்த வக்கீலுக்கும் தெரியும். பில் எந்த மேசையில் தூங்குகிறது, யாருக்கு போன் போட்டால் நகரும் என்பது, இத்தனை வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த உங்களுக்குத்தான் தெரியும்.

குறுக்கு விசாரணை வேறு கதை. கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு சிவில் சீனியரிடம் ஒரு வருடம் இருங்கள். நாற்பது வயதில் கேஸ் கட்டு தூக்குவது முதல் வாரம் கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

விளம்பரம் கூடாது. இணையதளம் வைக்கலாம், பெயர், முகவரி, படிப்பு, எந்த வகை வழக்குகள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி நாளன்று கம்பெனி ஒப்பந்த மாதிரிகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். உங்கள் கையால் எழுதியதுதான், ஆனால் கம்பெனியுடையது.