போர்ப்படங்களில் கூட்டம் – கடிதம்

வணக்கம்,

போர்ப்படங்களை விரும்பிப் பார்ப்பவன் நான். சில படங்களில் நூறு வீரர்கள் ஓடினாலும் நடனக்குழு ஓடுவதுபோலத்தான் இருக்கிறது. வேறு சிலவற்றில் பத்துப் பேர் ஒரு வெட்டவெளியைக் கடந்தாலே வயிற்றைப் பிசைகிறது. இது கேமராவின் வேலையா, நடிகர்களின் வேலையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் இரண்டு வகையிலுமே நடப்பது நடன அமைப்புதான். குண்டுச் சத்தம் கேட்டதும் இருபது தலைகள் ஒரே நொடியில் குனிந்தால் உதவி இயக்குநரின் விசில் நமக்கே கேட்டுவிடும். நிஜத்தில் ஒருவன் குனிவான், அவனைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவன் குனிவான், பின்னால் வருகிறவனோ இன்னும் ரெண்டு எட்டு வைத்த பிறகுதான் படுப்பான். அந்த அரை நொடி வித்தியாசத்தில்தான் ஆளுக்கொரு உயிர் இருப்பது தெரிகிறது, அதை ஒத்திகையில் உருவாக்குவதுதான் கஷ்டம்.

ஸ்டான்லி குப்ரிக் 1957-ல் எடுத்த 'பாத்ஸ் ஆஃப் குளோரி'யில் தாக்குதல் காட்சிக்கு ஜெர்மன் போலீஸ்காரர்களைத் துணைநடிகர்களாக வைத்துக்கொண்டார். களத்தை ஐந்து பகுதியாகப் பிரித்து, யார் எந்தப் பகுதியில் விழுந்து சாகவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கேமரா பக்கவாட்டில் அவர்களோடு நகர நகர, கூட்டம் மெலிந்துகொண்டே வருவதைப் பார்க்கிறோம். எனக்கு இன்றும் அதைப் பார்த்தால் தொண்டை அடைக்கும்.

ஒரே சீரான அசைவு எப்போதுமே தப்பு என்று சொல்லமாட்டேன். 1925-ல் வந்த ஐஸன்ஸ்டீனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' படத்தில் ஒடெஸா நகரத்துப் படிக்கட்டில் வரிசையாக இறங்கும் படைவீரர்களுக்கு முகமே இல்லை, பூட்ஸும் துப்பாக்கியும்தான். கீழே ஜனங்கள் தாறுமாறாகச் சிதறி ஓட, மேலிருந்து அந்த வரிசை மாறாத தாளத்தில் இறங்கி வரும். அங்கே அந்தச் சீர்தான் பயமே.

அப்புறம் கேமரா. குண்டு விழப்போகும் இடத்துக்கு அது முன்னாலேயே திரும்பிவிட்டால் காட்சி செத்தது. வீரனுக்குத் தெரியாதது கேமராவுக்கும் தெரியக்கூடாது. சாம் மெண்டிஸின் '1917' (2019) முழுப்படமும் ஒரே ஷாட்போலத் தெரியவேண்டும் என்பதால், முதலில் வெட்டவெளியில் நடந்து பேசிப் பார்த்து, அந்த நீளத்துக்குத்தான் பதுங்குகுழிகளை வெட்டினார்கள். அவ்வளவு அளந்து எடுத்த படத்தில், கடைசி ஓட்டத்தில் நாயகன் குறுக்கே பாய்கிற வீரர்கள் மீது மோதி விழுகிறானே, அது யாரும் திட்டமிடாதது. நடிகர் எழுந்து ஓடினார், கேமராவும் நிற்கவில்லை. பக்காவாக ஒத்திகை பார்த்தவர்களால்தான் அப்படி ஒரு தடுமாற்றத்தை ஷாட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை நாயகனை விட்டுவிட்டு, சட்டகத்தின் ஓரத்தில் ஓடும் ஒருவனை மட்டும் பாருங்கள். அவன் யாரைப் பார்த்து ஓடுகிறான், யார் விழுந்ததும் தயங்குகிறான் என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.