இளக்காரமா, எளக்காரமா?

தோவாளையிலிருந்து ஒரு வாசகி: "மாலை கட்டுகிறேன். கூலியைக் கூட்டிக் கேட்டதற்கு, 'பூக்கட்டுறதுதானே, இதுக்கென்ன?' என்றார் கடைக்காரர். 'என் வேலையை எளக்காரமாய் நினைக்கிறீர்கள்' என்று அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். காலேஜ் படிக்கும் மகள், அது கொச்சை, 'குறைத்து மதிப்பிடுகிறீர்கள்' என்று மாற்று என்கிறாள். எது சரி?"

கொச்சையெல்லாம் இல்லை அம்மா. எழுத்தில் இளக்காரம், பேச்சில் எளக்காரம். இலை எலையாவதும் இடம் எடமாவதும் போலத்தான். 'இ' போட்டு எழுதிவிட்டால் மகள் சொல்லும் குறையில் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் பெறும் மாலைக்கு ஐந்நூறு பேசுகிறவர் குறைத்து மதிப்பிடுகிறார், அது கணக்கு. "பூக்கட்டுறதுதானே" என்று உதட்டைப் பிதுக்குவதுதான் இளக்காரம். நல்ல கூலி கொடுத்துக்கொண்டே இளக்காரமாகப் பேசுகிறவர்களும் உண்டு. வெளிப்படையாகச் சிரித்தால் ஏளனம். காதிலேயே போட்டுக்கொள்ளாவிட்டால் அலட்சியம். இளப்பம் என்றாலும் ஏறக்குறைய இதே பொருள்தான். மலையாளத்திலும் அந்தச் சொல் உண்டு, கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம்.

பழைய சொல் எள்ளல். பெரிய தேருக்கு அச்சாணி போன்றவர்கள் இருக்கிறார்கள், உருவத்தைப் பார்த்து எள்ளாதே என்கிறது 667-ஆம் குறள். மார்கழியில் சுசீந்திரம் தேர் ஓடும்போது அச்சாணியை யார் பார்க்கிறார்கள்?

ஒன்றில் மட்டும் கவனம். 'இளக்காரம் கொடுப்பது' என்றால் அளவுக்கு மீறி இடம் கொடுப்பது. "இளக்காரம் குடுத்தா தலையில ஏறுவான்" என்போமே, அது. பழி அங்கே கொடுத்தவர் மேல் திரும்பிவிடும். எனக்கு அந்தப் பிரயோகம் பிடிப்பதே இல்லை, ஆனாலும் வழக்கில் இருக்கிறது. 'உங்களுக்கு நான் இளக்காரமாய்ப் போய்விட்டேன்' என்பதும் கடிதத்துக்கு ஆகாது. அது உறவு முறிகிற நேரத்தில் நேருக்கு நேர் சொல்கிற வார்த்தை.

சரி, என்ன எழுதலாம்? முதலில் வேலையை எழுதுங்கள். மாணிக்கமாலை என்றால் அரளியையும் நொச்சி இலையையும் ஒவ்வொன்றாய் மடித்து அடுக்கி முடிக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எண்ணிலேயே போடுங்கள். 'இந்த உழைப்புக்கு நீங்கள் தரும் கூலி ஈடாகவில்லை' என்பது அடுத்த வரி. அப்புறம் அவர் சொன்ன "பூக்கட்டுறதுதானே" என்பதை அப்படியே எழுதி, 'இப்படி இளக்காரமாகப் பேசியது வருத்தமாக இருந்தது' என்று சேருங்கள். அந்த ஓரிடம் போதும்.