சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவர்களுக்கு வாழ்க்கை உண்மையிலேயே மாறிவிடுகிறதா?

என்னைக் கடித்தது கட்டுவிரியன். கடித்தது எனக்கே தெரியாது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. சம்பா நடவுக்குக் கை கொடுக்கலாம் என்று விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தேன். புரட்டாசி மழை, கரண்ட் இல்லை, கூடத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். நாகம் கடித்தால் வலியும் வீக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியே இருக்காது, பல் பட்ட தடத்தைத் தேடினாலும் கிடைக்காது. இரவில் நடமாடுகிற பாம்பு அது. எலி, தவளை, சின்னப் பாம்புகளைத் தேடி வீட்டுக்குள்ளும் வரும். தரையில் தூங்குகிறவர் புரண்டு அதன் மேல் கையைக் காலைப் போட்டால் கடித்துவிட்டுப் போய்விடும்.

விடியற்காலையில் வயிற்றைப் பிசைந்தது. வாயுவாக இருக்கும் என்று அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார். விழுங்க முடியவில்லை, குடித்தது மூக்கு வழியாக வந்தது. கண்ணை முழுக்கத் திறக்க முடியவில்லை, இமை பாதியிலேயே நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, பாம்பு விஷம் ஏறியிருக்கிறதா என்று அறிய சிறியாநங்கை இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து கசக்கிறதா என்று மென்று பார்க்கச் சொன்னார். மந்திரித்துக் கயிறு கட்டுகிறவர் வீட்டுக்கும் ஒருவர் கிளம்பிவிட்டார். சித்தப்பாதான் "கசந்தாலும் சரி, கசக்காட்டாலும் சரி, ஆஸ்பத்திரிக்குத்தான்" என்று சொல்லி 108-ஐக் கூப்பிட்டார். இன்று நான் உட்கார்ந்து இதைத் தட்டச்சு செய்வதற்கு முதல் காரணம் அந்த ஒரு வாக்கியம்.

ஆம்புலன்ஸில் போகும்போதே மூச்சு திணற ஆரம்பித்துவிட்டது. கூட வந்த உதவியாளர் மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதோடு இணைந்த பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வந்தார். ஆம்பு பேக் என்பார்கள். ஐந்தாறு வினாடிக்கு ஒரு அமுக்கு. அமுக்கினால் என் நெஞ்சு எழும்பும், விட்டால் அடங்கும். எனக்கு நினைவு இருந்தது. சாலையில் வண்டி குலுங்கும்போது அவர் முட்டியை ஸ்ட்ரெச்சரில் முட்டுக்கொடுத்து, கை மாற்றாமல் அமுக்கியது தெரிந்தது. இடையில் "தம்பி, நான் விடமாட்டேன், நீ பதறாதே" என்றார். என் மூச்சு என்னுடையதாக இல்லாமல், பெயர் தெரியாத ஒருவருடைய கையில் இருந்த நேரம் அது.

மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து கொடுத்து, குழாய் போட்டு, வெண்டிலேட்டரில் வைத்தார்கள். கட்டுவிரியன் விஷத்தின் கொடுமை என்னவென்றால், நரம்பு தசையோடு சேரும் இடத்தில் இருக்கிற நரம்பு நுனியையே அது சிதைத்துவிடும். சிதைந்த பிறகு மருந்தால் அதைத் திருப்ப முடியாது. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தை மட்டும்தான் மருந்து பிடிக்கும். நுனிகள் மறுபடி வளர்ந்து வர நாட்கள் ஆகும், சிலருக்கு வாரக்கணக்கிலும் ஆகும். அதுவரை இயந்திரம் மூச்சு விட வேண்டும். விரல் அசையாது, இமை திறக்காது, கண்ணில் டார்ச் அடித்தால்கூடச் சிலருக்குக் கண்மணி சுருங்காது. பார்க்கிறவர்கள் மூளையே போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் உள்ளே ஆள் முழித்துக்கொண்டிருப்பான்.

நான் முழித்துக்கொண்டிருந்தேன். மயக்க மருந்து தெளிந்திருந்த நேரமெல்லாம் எல்லாம் கேட்டது. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் "இனிமே என்ன இருக்கு, வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்" என்று அழுதது கேட்டது. பெரிய டாக்டர் மாணவர்களிடம், "கட்டுவிரியன் கேஸில் இதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, இவருக்கு எல்லாம் கேக்கும், பார்த்துப் பேசுங்க" என்று சொன்னதும் கேட்டது. கேட்கிறது என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஒரு விரலைக்கூட ஆட்ட முடியவில்லை.

இரவுப் பணியில் ஒரு சிஸ்டர் இருந்தார். அவர் முகத்தை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் பார்த்தேன். என்னைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் என்ன செய்யப் போகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். "தம்பி, சளி எடுக்கப் போறேன். கொஞ்சம் கஷ்டமா இருக்கும், சீக்கிரம் முடிச்சுடுறேன்." "இப்ப இடது பக்கமா திருப்புறோம்." "கண்ணு காய்ஞ்சிடக் கூடாதுன்னு மருந்து விடுறேன், சில்லுன்னு இருக்கும்." சளி உறிஞ்சுகிற குழாய் உள்ளே போகும்போது நெஞ்சே வெளியே வருகிற மாதிரி இருக்கும். சொல்லிவிட்டுச் செய்தால் அந்த வேதனையைத் தாங்க முடியும். சொல்லாமல் செய்தால் ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைப்பதுதான். அந்த வித்தியாசம் இவ்வளவு பெரியது என்று படுத்துக் கிடந்தவனுக்குத்தான் தெரியும்.

அப்பா பார்வை நேரத்தில் வருவார். எங்களுக்குள் பேச்சு எப்போதுமே அளவுதான். அவர் கட்டில் ஓரத்தில் நின்று வயலைப் பற்றிச் சொல்வார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றுப் பறித்தாயிற்று, மேலக் குண்டில் நடவு முடிந்தது, ஆள் கூலி ஏறிவிட்டது. நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாகவே நினைத்துச் சொல்வார். கடைசியில் "சரி, நாளைக்கு வரேன்" என்பார். அந்த 'நாளைக்கு' வருமா என்று நான் காத்துக் கிடப்பேன். முதலில் கட்டை விரல் லேசாக அசைந்தது. அதைக் கவனித்தவரும் அந்த இரவுப் பணி சிஸ்டர்தான். விடியற்காலையில் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி டூட்டி டாக்டரைக் கூப்பிட்டார்.

சரி, மாறியது என்ன என்பதுதானே கேள்வி.

சாவு பயம் போய்விட்டது என்று இப்படித் தப்பித்தவர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து ரொம்ப காலம் தரையில் கால் வைக்கவே கூசியது. கயிறு கிடந்தால் உடம்பு உதறும். ஏடிஎம் இயந்திரம் 'பீப்' அடித்தால் வெண்டிலேட்டர் அலாரம் நினைவுக்கு வந்து நெஞ்சு அடைக்கும். கோபம் அதிகமானது. பிழைத்து வந்தவன் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், அந்த எதிர்பார்ப்பே ஒரு பாரம். ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990களில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பேரிடிக்குப் பிறகு மனிதர்களிடம் வருகிற வளர்ச்சி அந்தச் சம்பவத்தால் தானாக வருவதில்லை, அதற்குப் பிறகு அதோடு மல்லுக்கட்டுவதில்தான் வருகிறது, வளர்ச்சியும் வேதனையும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். என் அனுபவமும் அதுதான். இதைப் படிக்கிறவர்களில் யாராவது சமீபத்தில் பிழைத்து வந்து, 'எனக்கு ஏன் ஒரு ஞானமும் வரவில்லை, தூக்கம்தான் போய்விட்டது' என்று தவித்தால், உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. தூக்கம் போய்க்கொண்டே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நான் பார்த்தேன், பலன் கிடைத்தது.

எனக்குள் நிலைத்து நின்ற மாற்றம் வேறு இடத்திலிருந்து வந்தது. என் உடம்பு முழுக்க முழுக்க அடுத்தவர் கையில் இருந்ததே, அதிலிருந்து வந்தது. பிறகு எங்கள் அப்பாயி படுத்த படுக்கையானபோது பார்த்துக்கொள்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குள் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். அவருக்கு நினைவு தப்பித் தப்பி வரும், பேச்சு நின்றுவிட்டது. அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதும், துடைத்துவிடும்போதும், கஞ்சி ஊட்டும்போதும் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். "அப்பாயி, இப்ப முதுகு துடைக்கப் போறேன், தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு." அவருக்குக் கேட்டதா என்று கேட்பவர்களிடம், கேட்கும் என்றே சொன்னேன். அவர் போகும் வரை அந்த வீட்டில் யாரும் அவர் தலைமாட்டில் நின்று 'இனிமே என்ன இருக்கு' என்று பேச நான் விடவில்லை.

இன்னொன்று. எனக்கு ஏற்றிய மருந்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போனேன், முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டு இருளர்களின் பிழைப்பு போனபோது, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்கை எடுக்க 1978-ல் உருவானது. வயல், புதர், வரப்பு என்று தேடி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வருகிறார்கள். மண்பானையில் மணல் போட்டு, துணியால் வாய் கட்டி, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைகளுக்கு ஏற்றி, குதிரை ரத்தத்தில் உருவாகிற எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் மருந்து தயாராகிறது.

அங்கே ஒருவர் விஷம் எடுப்பதைப் பார்த்தேன். வெறுங்கையால் தலைக்குப் பின்னால் பிடித்து, துணி போன்ற சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்க வைத்தார். அடியில் இறங்கியது ஓரிரு துளி. என்னை அத்தனை நாள் பிணமாகக் கிடத்தியதும் அது, என்னைத் தூக்கி உட்கார வைத்ததும் அது. பக்கத்தில் நின்று பார்த்தபோது அந்தப் பாம்பின் மேல் இருந்த வெறி அடங்கிப் போனது. அதைவிட, அந்த மனிதரின் விரல்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தபோது என் வீட்டில் யாருக்கோ கிடைத்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தியா முழுக்கக் கடிபட்டுப் பிழைத்தவர்களில் கணக்கற்ற பேர் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். அதில் நான் ஒருவன்.

பிழைக்காதவர்களின் கணக்கு இருக்கிறதே, அதுதான் என்னை உட்கார விடாமல் செய்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமம், பெரும்பாலும் மழைக்காலம். உலக சுகாதார அமைப்பு 2017-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த ஊரில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே எங்கே மருந்து வைப்பது, எங்கே வெண்டிலேட்டர் வைப்பது என்று தெரியும். இது எப்போதோ நடந்திருக்க வேண்டியது, இப்போதாவது நடந்ததே என்று நிம்மதி.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் நடவு தொடங்குவதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறேன். கிராம சபையிலும் பேசுவேன், நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் மரத்தடியிலும் பேசுவேன். பள்ளிப் பிள்ளைகள்தான் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள், அதனால் அவர்களிடம்தான் அதிகம். நான் சொல்வதெல்லாம் இவ்வளவுதான். முடிந்தவரை கட்டிலில் படுங்கள். தரைதான் என்றால் கொசுவலை கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள், அது கொசுவுக்கு மட்டுமல்ல, கட்டுவிரியனுக்கும் தடுப்பு. ராத்திரி கொல்லைப்புறம் போனால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்க விடாமல் கொண்டு போங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. மருந்து நான்கு வகைக்கும் பொதுவானது, உடம்பைப் பார்த்தே டாக்டர் முடிவு செய்வார்.

கட்டுவிரியனுக்கு மட்டும் தனியாக ஒன்று. இரவு தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, விழுங்க முடியவில்லை, கண் இமை சொருகுகிறது என்று சொன்னால் கடிவாயைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். ஓமத்தண்ணீர் வேண்டாம், இலை மென்று பார்க்க வேண்டாம். உடனே 108.