கண்ணை மூடினால் யார் தெரிகிறார்?

கேள்வி: தினமும் காலையில் கண்ணை மூடி, கோபமே வராத ஆளாக என்னைக் கற்பனை செய்து பார்க்கிறேன். ஆனாலும் அலுவலகத்தில் எரிந்து விழுவது குறையவில்லை. யூத மதகுருக்களான ரபிகளும் இப்படித்தான் குணத்தை மாற்றிக்கொண்டார்கள் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: கற்பனை செய்தார்கள் என்பது உண்மை. 'இப்படித்தான்' என்பதுதான் இடிக்கிறது. நீங்கள் உங்களையே கதாநாயகனாகப் போட்டுத் தினமும் ஒரு படம் ஓட்டுகிறீர்கள், அதில் கோபம் எப்படிக் குறையும்?

19-ஆம் நூற்றாண்டில் லித்துவேனியா யூதர்களிடையே 'முஸார்' என்ற ஒழுக்க இயக்கத்தைத் தொடங்கிய ரபி இஸ்ரேல் சலந்தருக்குக் கற்பனைமேல் நல்ல அபிப்பிராயமே கிடையாது. மனிதனின் கற்பனை கட்டவிழ்ந்து திரிகிறது, அறிவோ கட்டுண்டு கிடக்கிறது என்றுதான் அவருடைய முஸார் கடிதமே தொடங்கும். அவருடைய சீடர், கெல்ம் ஊரில் பள்ளி நடத்திய சிம்ஹா சிஸ்ஸல் (1824–1898), அதே கற்பனையைப் பிடித்து வேலை வாங்கினார். எரிந்து விழுவது தப்பு என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும், ஆனால் உறைக்கவில்லை. உறைப்பதற்குத்தான் அவர் மனதில் படம் வரையச் சொன்னார், அதுவும் பெரும்பாலும் அடுத்தவர் படும் பாட்டை. கெல்மில் கைதிகளை வைத்துப் போட்ட சாலை ஒன்று இருந்ததாம். அவர்கள் வதைபட்டுப் போட்ட வழியில் மனிதர்கள் எப்படி நிம்மதியாக நடக்கிறார்கள் என்று அவர் தவித்ததாகச் சொல்வார்கள்.

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. பைபிளில் வரும் யோசேப்பு எகிப்தில் அடிமையாக இருந்தபோது, எஜமான் போத்திபாரின் மனைவி அவனை ஆசையோடு இழுத்தாள்; அவன் தடுமாறிவிட்டான், அந்த நொடியில் ஜன்னலில் தந்தை யாக்கோபின் உருவம் தெரிந்தது என்கிறது யூதர்களின் பழைய விளக்க நூலான தல்மூத். உருவம் சும்மா நிற்கவில்லை: ஆசாரியன் அணியும் ஏபோத் என்ற மேலுடையின் கற்களில் உன் சகோதரர் பெயர்களோடு உன் பெயரும் பொறிக்கப்படப் போகிறது, அதை அழித்துக்கொள்ளப் போகிறாயா என்று கேட்டது. 'நான் ரொம்ப உத்தமன்' என்று யோசேப்பு தன்னையே நினைத்துக்கொண்டு நின்றதாகக் கதை இல்லை.

ஆகவே நீங்கள் சாந்தமாகச் சிரிக்கும் காட்சியை விடுங்கள். நேற்று யாரைத் திட்டினீர்களோ அந்த ஆளை நினையுங்கள். திட்டு வாங்கியவர் ராத்திரி வீட்டில் சாப்பிட உட்காருகிறார், சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், வாயில் போடவில்லை, "என்னாச்சு" என்று மனைவி கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்கிறார். இரண்டு நிமிடம் போதும், ஆனால் அந்தத் தட்டு கண்ணில் தெரிய வேண்டும். அவரை அடுத்த முறை கூப்பிடுவதற்கு முன்னால் ஒருதரம் இதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

அப்புறம், கண்ணை மூடுவதோடு முஸார்காரர்கள் நிறுத்தவில்லை. முஸார் வழியில் வந்த இன்னொரு பள்ளியான நோவர்தோக்கைச் சேர்ந்தவர்கள் மாணவர்களை மருந்துக் கடைக்குப் போய் ஆணி கேட்கச் சொன்னவர்கள். நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று பழக வேண்டுமாம். உங்களுக்கு ஆணி வேண்டாம். திட்டியவரிடம், மற்றவர்கள் காதில் விழும்படி, "நேற்று கத்தியது தப்பு" என்று சொல்லிவிட்டு வாருங்கள், அதுவே போதும்.

அவசரமும் வேண்டாம். சலந்தர் மறுபடி அச்சுக்குக் கொண்டுவர வைத்த யூத எழுத்தாளர் மெனஹேம் மெண்டல் லெஃபினின் நூல் (1808) 13 குணங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் ஒதுக்குகிறது. 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று, தினமும் ராத்திரி சறுக்கல்களைக் கணக்கெழுத வேண்டும். உங்களிடம் அந்த நோட்டு இருக்கிறதா?