கோழிக் கருவியில் குழிவிழுந்த பைத்தான் முட்டைகள்

வணக்கம். பால் பைத்தான் (ball python) என்னும் மலைப்பாம்பு இட்ட ஆறு முட்டைகளைக் கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியில் வைத்ததாகவும், நான்காம் நாளே இரண்டில் குழி விழுந்ததாகவும் எழுதி, வேறு கருவி வாங்குவதா, செய்துகொள்வதா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களே செய்துகொள்ளுங்கள் என்பதே என் கருத்து. கோழிக் கருவியின் விசிறி ஈரத்தைக் குறைத்துவிடும். அதில் முட்டையைத் திருப்பும் தட்டும் இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், ஏனெனில் பாம்பின் கரு முட்டையின் மேற்புறத்தில் ஒட்டி வளர்வதால் உருட்டினால் இறந்துபோகக்கூடும். ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் சிறு புள்ளி இட்டு, அது மேலேயே இருக்கும்படி இடம் மாற்றுங்கள்.

தடித்த தெர்மாகோல் பெட்டிக்குள், வெப்பம் சட்டென ஏறி இறங்காதிருக்க, நீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கி, வெப்ப நாடாவை, வெப்பத்தை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்து, அதன் உணரியை முட்டைகளின் அருகிலேயே பொருத்துங்கள். 31 முதல் 32 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். முட்டைகளை மூடியிட்ட தனி டப்பாவில், சம எடை நீர் கலந்த வெர்மிகுலைட்டின் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) மேல் வைத்து, அந்த டப்பாவைப் பெட்டிக்குள் வையுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் அது கட்டியாக நிற்க வேண்டுமே தவிர, நீர் சொட்டக் கூடாது. ஈரம் போதாமல் விழுந்த குழி பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும். அதற்காக முட்டையின் மேல் நீர் தெளித்துவிடாதீர்கள்.